ஏசி கான்ட்ராக்ட் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஏசி மாட்டுவதும் சர்வீஸ் செய்வதும்தான் என் தொழில். ஹெல்பராக வந்தவன், மெக்கானிக் ஆகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். என்னிடம் வேலை பழகிய பையன்கள் ஒவ்வொருவராகத் தனியே கிளம்பும்போது, அநேகமாக இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயங்கள் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டை வைத்துத்தான்.

ஏசி கான்ட்ராக்டர் ஆக அரசாங்கத்தில் தனி லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. "ஏசி கான்ட்ராக்டர் உரிமம்" என்று தனியாக ஒன்று நம் ஊரில் கிடையாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதே வேலைக்கு சி-20 என்று ஒரு லைசென்ஸ் இருக்கிறது. நாலு வருட அனுபவத்தைக் காட்டி, பரீட்சை எழுதி, 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமும் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். ஏசிக்குள் ஓடுகிற குளிரூட்டும் கேஸ் பக்கம் கை வைக்க அந்த நாட்டில் தனியாக இன்னொரு சான்றிதழும் வேண்டும். இங்கே ஒரு கேஜ் செட்டும் (கேஸ் பிரஷர் பார்க்கிற கருவி) பைக்கும் இருந்தால் நாளைக் காலையிலேயே போர்டு மாட்டிவிடலாம்.

அதனால்தான் எனக்குப் பயம். யாரும் சோதிக்காத தொழிலில் உங்களை நீங்களேதான் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆள் சாகிற இடம் இந்த வேலையில் மூன்று: கரண்ட், கேஸ், உயரம். இந்த மூன்றில் சட்டம் முன்கூட்டியே உரிமம் கேட்பது கரண்டுக்கு மட்டும்தான். நம்மவர்களில் பாதிப் பேருக்கு அதுவும் தெரியாது.

கரண்ட் வேலைக்கு எப்போது உரிமம் கட்டாயம்?

வீட்டில் இருக்கிற பாயிண்டில் பழைய ஏசியைக் கழற்றிவிட்டு அதே அளவு புது ஏசி மாட்டுவதற்குத் தேவையில்லை. 250 வோல்ட்டுக்குள் இயங்கும் வீட்டுச் சாதனத்தை, லைனின் திறனையோ தன்மையையோ மாற்றாமல் மாற்றிக்கொள்ள மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் மெயின் போர்டிலிருந்து ஏசிக்குப் புதிதாக ஒயர் இழுப்பது, எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணைகிற சுவிட்ச்) கூட்டுவது, ஆபீஸ் முழுக்க 10 யூனிட்டுக்குத் தனி டிபி (கரண்டைப் பிரித்து அனுப்புகிற பெட்டி) போடுவது எல்லாம் மின் அமைப்பு வேலை. அதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிற சூப்பர்வைசர் மேற்பார்வையில்தான் வேலை நடக்க வேண்டும்.

இந்த உரிமத்தையும் சான்றிதழ்களையும் கொடுப்பது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர் உரிமத்தில் இஎஸ்ஏ, இஏ, இஎஸ்பி, இபி என்று கிரேடுகள் உண்டு. எந்தக் கிரேடுக்கு எத்தனை சூப்பர்வைசர், என்ன கருவி என்பதை வாரியத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புரோக்கரிடம் போகாதீர்கள்.

அந்த உரிமம் என்னிடம் இல்லையே?

ஆரம்பத்தில் யாரிடமும் இருக்காது. உரிமம் உள்ள ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரைக் கூட்டாளியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லைன் வேலை அவர் பெயரில், அவர் பில்லில் போகட்டும். லாபத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஒரு வீட்டில் ஒயர் புகைந்தால், யார் போட்ட லைன் என்ற கேள்விக்குத் தாளில் பதில் இருக்கும்.

கூடவே நீங்களும் படியேறுங்கள். ஒயரிங்கில் 5 வருட அனுபவமும் 21 வயதும் இருந்தால், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிற மின்கம்பியாள் (ஒயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். பெரிய படிப்பு கேட்பதில்லை. அறிவிப்பு மாவட்டச் செய்திகளில் சின்னதாக வரும், பலர் கவனிப்பதே இல்லை.

ஐடிஐ படித்திருக்க வேண்டுமா? நான் வேலையில் பழகியவன்.

தொழில் நடத்தக் கட்டாயமில்லை. ஆனால் தம்பி, மகன் யாராவது பத்தாவது முடித்திருந்தால் ஐடிஐயில் ஏசி மெக்கானிக் பிரிவில் சேர்த்துவிடுங்கள். 2 வருடப் படிப்பு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கும். பெரிய கம்பெனி வேலையோ டெண்டரோ வரும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். கையால் பழகியவர்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் செல் வழியாக, கேஸை வீணாக்காமல் சர்வீஸ் செய்யும் முறை பற்றிக் குறுகிய பயிற்சிகள் நடக்கின்றன. நாள் கூலி போகிறதே என்று பார்க்காமல் போய் வாருங்கள். வேக்குவம் போடுவது, அதாவது பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது, எதற்காக என்று தெரிந்து செய்கிற ஆளுக்கும், அண்ணன் சொன்னார் என்று செய்கிற ஆளுக்கும் வேலையில் வித்தியாசம் தெரியும்.

முதலில் என்னென்ன பதிவு செய்ய வேண்டும்?

பான் கார்டு இருக்கும். கடை பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்துகொள்ளுங்கள். அடுத்த வேலை உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். இதற்குப் பணம் கேட்கிற இணையதளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். முதல் வேலை ஆர்டர் வாங்குவதற்கு முன்பே உத்யம் நம்பர் கையில் இருக்க வேண்டும். ஏன் என்று பணம் வராத கேள்வியில் சொல்கிறேன்.

கடைக்கு மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். கடைகள் நிறுவனங்கள் சட்டப்படியான பதிவு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான்.

ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

இதில்தான் நிறைய பேர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். "40 லட்சம் வரை வேண்டாம்" என்பது பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு. நாம் ஏசியும் விற்கிறோம், மாட்டியும் கொடுக்கிறோம், சர்வீஸும் செய்கிறோம். நமக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினாலே பதிவு கட்டாயம். 40,000 ரூபாய் ஏசி 50 விற்றால் அதுவே 20 லட்சம். ஒரு கோடைக்காலம் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கூலிக்கும் 18 தான். அதனால் பில் போடுவது முன்னைவிட எளிது. 50 லட்சம் வரை வரவுள்ள சேவைத் தொழிலுக்கு 6 சதவீதக் காம்போசிஷன் திட்டம் (மொத்த வரவில் ஒரே சதவீதமாக வரி கட்டுகிற முறை) இருக்கிறது. வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு அது சரி. கம்பெனி வாடிக்கையாளர் வேண்டுமென்றால் சரிப்படாது. உங்கள் பில்லை வைத்து அவர்களால் வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

எவ்வளவு முதலீடு வேண்டும்? எந்தக் கருவிகளை முதலில் வாங்குவது?

பைக் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரூபாய்க்குள் யோக்கியமான கருவிகளோடு தொடங்கிவிடலாம். பிரஷர் பம்ப், டிரில் மெஷின், கிளாம்ப் மீட்டர், பைப் கட்டர், ஃபிளேரிங் டூல் (பைப்பின் வாயை விரிக்கிற கருவி) இவையெல்லாம் எல்லோரும் வாங்குவதுதான். நான் அழுத்திச் சொல்வது, பலர் தள்ளிப்போடுகிற நாலு சாமான்களை: வேக்குவம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும், கேஸ் எடைபோட டிஜிட்டல் தராசு, டார்க் ரெஞ்ச் (நட்டைச் சரியான அளவுக்கு மட்டும் இறுக்குகிற ஸ்பேனர்).

டார்க் ரெஞ்ச் எதற்கு, கை அழுத்தம் தெரியாதா என்று நானும் நினைத்தவன்தான். கடை போட்ட முதல் வருடம் ஒரு அப்பார்ட்மெண்டில் 14 யூனிட் மாட்டினேன். 2 மாதத்தில் 6 வீடுகளிலிருந்து "கூலிங் இல்லை" என்று போன். போய்ப் பார்த்தால் எல்லாமே ஒரே இடத்தில் லீக், அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் சேர்கிற ஃபிளேர் நட். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பைப்பின் விரிந்த வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். லூஸாக விட்டதால் வந்ததில்லை. லீக் ஆகக் கூடாதே என்று பலம் கொண்டமட்டும் இறுக்கியதில், செம்பு நசுங்கிப் பிளந்திருந்தது. கால் இஞ்ச் பைப் நட்டுக்குத் தேவை சுமார் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் மட்டும்தான். நீளமான ஸ்பேனரை வைத்து ஒரு ஆள் தொங்கினால் அது எங்கேயோ போய்விடும். 14 யூனிட்டையும் திரும்பப் பிரித்து, ஃபிளேர் வெட்டி, என் செலவில் கேஸ் ஏற்றிக் கொடுத்தேன். அந்த வேலையில் வந்த லாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் போனது. மறுநாள் போய் டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு அனுமதி. பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், எஸ்சி, எஸ்டி உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு இன்னும் 10 கூடுதல்.

கேஸில் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 எல்லாம் வருகிறதே, எதில் என்ன கவனம்?

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிற கேஸ். 2025 தொடக்கத்திலிருந்து அதைப் போட்டுப் புது மெஷின் தயாரிக்க இந்தியாவில் தடை. 2030-ல் அதன் கதை ஏறக்குறைய முடிகிறது. பழைய மெஷின்களுக்கு இன்னும் கிடைக்கிறது, ஆனால் வருடா வருடம் அருகும். வாடிக்கையாளரிடம் இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

ஆர்-410ஏ இரண்டு கேஸ் கலந்த கலவை. சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். அதன் பிரஷர் ஆர்-22-ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல், பழைய கேஜும் ஹோஸும் தாங்காது. இப்போது வருகிற மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32. பூமியைச் சூடாக்கும் அளவில் கரியமில வாயுவை 1 என்று வைத்தால் ஆர்-410ஏ 2,088, ஆர்-32 675. சுற்றுச்சூழலுக்கு ஆர்-32 நல்லது, ஆனால் அது தீப்பிடிக்கக்கூடியது. மூடிய அறைக்குள் கேஸைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே பைப் ஒட்டுகிற பிரேசிங் டார்ச் பற்றவைக்கிற பழக்கம் இனி உதவாது. முதலில் கேஸை மீட்பு மெஷினில் எடுங்கள், நைட்ரஜன் விட்டுக் கழுவுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிறகு நெருப்பு. ஆர்-22 மெஷினில் ஆர்-32 அடைக்கச் சொல்லி யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு தவறுகளுக்கு மன்னிப்பே கிடையாது. லீக் டெஸ்டுக்கு ஆக்ஸிஜன் உபயோகிக்கவே கூடாது. கம்ப்ரசர் ஆயிலும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டர் வைத்து, மெஷின் மேனுவல் சொல்கிற பிரஷர் வரைக்கும். இன்னொன்று பம்ப் டவுன். யூனிட்டை இடம் மாற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுக்கிறோம் இல்லையா, அப்போது பைப்பில் ஓட்டை இருந்தாலோ, நட்டைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரை ஓடவிட்டாலோ காற்று உள்ளே போகும். காற்றும் ஆயிலும் அழுத்தத்தில் சூடேறி கம்ப்ரசர் குண்டு மாதிரி வெடிக்கும். பிரஷர் இறங்கியதும் முதலில் மெஷினை நிறுத்துங்கள், அப்புறம்தான் நட்டில் ஸ்பேனர் பட வேண்டும்.

"வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் பண்ணுங்க" என்று வாடிக்கையாளரே கேட்கிறார். செய்து கொடுத்தால் என்ன?

ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்குவம் போட்டு, மெஷின் ஸ்டிக்கரில் இருக்கிற எடைக்குத் தராசில் நிறுத்து ஏற்றுங்கள். இதைச் சொல்கிறபோது சில வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். போகட்டும். பெசன்ட் நகர், ஈசிஆர் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் காயில் அரித்தே போய்விடும். அங்கே ஒட்டுப்போடுவதைவிடக் காயில் மாற்றுவதுதான் சரி என்று போட்டோ எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் 400 ரூபாய்க்கு வாட்டர் சர்வீஸ் செய்கிறார். நான் என்ன ரேட் போடுவது?

அவருடைய ரேட்டைப் பார்க்காதீர்கள், உங்கள் அடக்கத்தைப் பாருங்கள். ஒரு உதாரணம். மெக்கானிக்குக்கு நாளைக்கு 1,000, ஹெல்பருக்கு 700, பெட்ரோல் 250, கடை வாடகை, போன், இன்ஷூரன்ஸ், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 550 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,500. டிராஃபிக்கில் ஒழுங்காக 4 வீடு பார்க்க முடியும் என்றால், வீட்டுக்கு 625 ரூபாய் அடக்கம் மட்டுமே. 400-க்குச் செய்கிறவர் ஒன்று நஷ்டத்தில் செய்கிறார், அல்லது நல்ல கெப்பாசிட்டரைக் கெட்டுப்போனது என்று மாற்றி ஈடுகட்டுகிறார். நீங்கள் இரண்டுமே செய்ய வேண்டாம்.

கோட்டேஷனில் எத்தனை அடி காப்பர் பைப் சேர்த்தி, அதற்கு மேல் அடிக்கு எவ்வளவு, ஸ்டாண்ட், டிரெய்ன் பைப், சுவரில் துளை, சாரம் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். மாட்டி முடித்தபின் வருகிற சண்டைகளில் பாதி பைப் நீளத்தைப் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிய பிறகு டிரில்லை எடுங்கள்.

ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போதும் இதுதான். உள்ளே என்னென்ன அடக்கம், என்னென்ன வெளியே என்று எழுத வேண்டும். பிசிபியும் (எலக்ட்ரானிக் போர்டு) கம்ப்ரசரும் சேர்த்துக் குறைந்த தொகைக்கு எடுக்காதீர்கள். ஒரு கம்ப்ரசர் போனால் அந்த வருடத்து ஒப்பந்தங்கள் பலவற்றின் லாபத்தை அது தின்றுவிடும்.

கம்பெனிக்கு வேலை செய்தேன், 5 மாதமாகப் பணம் வரவில்லை.

எனக்கும் நடந்தது. ஒரு அலுவலகத்தில் வேலை முடித்து பில் கொடுத்தேன். அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு, பாஸ் வெளியூர், அடுத்த வாரம் வாங்க என்று 7 மாதம். அப்போது என்னிடம் எழுத்தில் வேலை ஆர்டர் இல்லை, பதிவும் இல்லை. கெஞ்சித்தான் வாங்கினேன், அதுவும் குறைத்துக்கொண்டு.

உத்யம் பதிவு இருந்தால் 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தரவில்லையென்றால் எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் போடலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கான மன்றங்கள் இருக்கின்றன. வருமான வரியிலும் ஒரு பிடி உண்டு: அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, உண்மையில் கொடுக்கிற வருடத்துச் செலவாக மட்டும்தான் கம்பெனி காட்ட முடியும். பில்லில் உத்யம் நம்பரை அச்சடித்தாலே அக்கவுண்ட்ஸில் சீக்கிரம் நகர்கிறது.

பில்லில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடித்தால் பதறாதீர்கள். ஒரே பில் 30,000-க்கு மேல் போனாலோ வருடத்தில் மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் கணக்கில் வரும்.

ஆட்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

10 பேர் ஆனதும் ஈஎஸ்ஐ, 20 பேர் ஆனதும் பிஎஃப். நம்மில் பெரும்பாலோரிடம் 3, 4 பேர்தான். அதனால் எதுவுமே இல்லை என்று விட்டுவிடுகிறோம். ஆள் ஒருவராக இருந்தாலும், வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளி. தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். கூடவே ஒவ்வொருவருக்கும் வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குக் கிடைக்கிற 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டைப் போட்டுவிடுங்கள்.

உயரத்தில் ஏறுகிற வேலைக்கு முழு உடல் பெல்ட் இல்லாமல் ஆளை அனுப்பாதீர்கள். சன்ஷேடில் நின்று அவுட்டோரைத் தூக்குகிற பையனைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கை ஜன்னல் கம்பியில், இன்னொரு கையில் முப்பது நாற்பது கிலோ, காலுக்குக் கீழே பாசி பிடித்த சிமெண்ட். கயிறு கட்ட இடமில்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், ஸ்டாண்டை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ மாற்றுங்கள். கூட 10 அடி பைப்பின் விலைதான் அது.

ஹீட்டிங் வேலையும் எடுக்கலாமா?

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி கேட்கிறார்கள். ஒரு வால்வு கேஸ் ஓட்டத்தைத் திருப்பி விடுகிற அதே மெஷின்தான். ஹோட்டல், ஹாஸ்டலுக்கு வெந்நீர் தரும் ஹீட் பம்ப் நல்ல வாய்ப்பு. ஏசி தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும், தண்ணீர்ப் பக்கம் மட்டும் ஒரு பிளம்பரோடு பழகிக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலையே இல்லை. ஆட்களை எப்படித் தக்கவைப்பது?

பிப்ரவரியில் பிடித்து அக்னி நட்சத்திரம் முடியும் வரை ஓடுகிற காசை அப்போதே 12 மாதத்துக்குப் பிரித்து வையுங்கள். தனி அக்கவுண்டில் போட்டால்தான் கை நீளாது. மழைக்கு விலகாத வாடிக்கையாளர்களைத் தேடுங்கள்: மருந்துக்கடை, லேப், சர்வர் ரூம், ஏடிஎம், பால் பூத்துகளின் ஃப்ரீசர். ஏஎம்சி சர்வீஸ்களில் ஒன்றை நவம்பரில் வருகிற மாதிரி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சும்மா இருக்கிற நாட்களில் பையன்களை ஒயர்மேன் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். என்னிடம் இருந்த இரண்டு பேர் அப்படித்தான் பாஸ் செய்தார்கள். ஒருவன் தனியாகப் போய்விட்டான். இப்போது என் லைன் வேலைகளில் அவன் கைக்குத்தான் நிறைய போகிறது.